மிளகின் எரிச்சலும் ஏலத்தின் குளிர்ச்சியும்

போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே புறப்படும் சாலை, முந்தலைத் தாண்டியதும் மலைமேல் ஏறத் தொடங்கி, 17 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை அடைந்து, அதற்கப்பால் கேரள எல்லைக்குள் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று கிளை பிரிந்து செல்கிறது. அந்தச் சரிவுகளில் இரண்டு வாசனைப் பயிர்கள் ஒரே தோட்டத்தில், ஒரே நிழலில், ஒரே மழையை உண்டு வளர்கின்றன. காட்டு மரங்களின் அடியில், ஈரம் உலராத மண்ணில் ஏலச்செடி நிற்கிறது. அந்த மரங்களையே கொழுகொம்பாகப் பற்றிக்கொண்டு மிளகுக்கொடி மேலே போகிறது. மிளகைக் கடித்தவர் வாய் எரிகிறது என்கிறார். ஏலக்காயை உரித்து அதன் அரிசியை மென்றவர், மூச்சை உள்ளே இழுக்கும்போது வாயெல்லாம் குளிர்கிறது என்கிறார். இருவர் சொல்வதும் அனுபவ உண்மை. ஆனால் அவ்விருவர் நாவின் அடியிலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தால், அந்த எரிச்சலுக்கு ஏற்ற உஷ்ணமோ அந்தக் குளிர்ச்சிக்கு ஏற்ற சீதளமோ அதில் தென்படுவதில்லை. வாயில் இல்லாத நெருப்பும் வாயில் இல்லாத பனியும் எங்கிருந்து வந்தன?

இந்திரியங்கள் பொருள்களோடு கூடும்போது பிரத்யக்ஷ ஞானம் பிறக்கிறது என்று நம் நாட்டுத் தர்க்க சாஸ்திரிகள் நெடுங்காலத்துக்கு முன்பே சொல்லிவைத்தார்கள். கந்தம் என்பது பிருதிவியின் குணம் என்பது வைசேஷிகர்களின் கொள்கை. மணம் பொருளில் இருக்கிறது, மூக்கு அதைப் பெற்றுக்கொள்கிறது என்பதே இன்றும் நம்மில் பெரும்பாலோர் ஆராயாமல் ஏற்றுக்கொண்டிருக்கும் அபிப்பிராயம். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜெர்மனியில் வாழ்ந்த யோஹன்னஸ் முல்லர் என்ற உடலியல் பேராசிரியர், இதற்கு நேர்மாறான ஒரு கருத்தை வெளியிட்டார். இருட்டில் கண்ணை மூடிக்கொண்டு இமையின்மேல் விரலால் அழுத்தினால் ஒளி வளையங்கள் தோன்றுகின்றன. அங்கே ஒளி இல்லை, அழுத்தம் மட்டுமே உண்டு. கண்ணின் நரம்பை எது தூண்டினாலும் அது ஒளியாகவே உணரப்படும். காதின் நரம்பை எது தூண்டினாலும் அது ஓசையாகவே உணரப்படும். ஆகவே உணர்ச்சியின் தன்மையைத் தீர்மானிப்பது எந்த நரம்பு கிளர்ந்தது என்பதுதான் என்றார் அவர்.

அவருக்கு ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின், கேம்பிரிட்ஜில் எட்கர் ஏட்ரியன் என்பவர், தனித்தனி நரம்பிழைகளில் ஓடும் மின்துடிப்புகளைப் பெருக்கிப் பதிவு செய்து, அந்தக் கருத்துக்கு அசைக்க முடியாத ஆதாரம் தேடித் தந்தார். மென்மையான தொடுகை என்றாலும் பலமான அழுத்தம் என்றாலும், ஓர் இழையில் ஓடும் துடிப்பு ஒவ்வொன்றும் அதே அளவினதாகவே இருப்பதையும், தூண்டுதல் வலுக்க வலுக்கத் துடிப்புகள் பெரிதாகாமல் அடிக்கடி நிகழ்வதையும், தூண்டுதல் மாறாமல் நீடித்தால் அவை தாமே அருகிப் போவதையும் அவர் கண்டார். 1932-இல் ஷெரிங்டன் என்ற மற்றோர் உடலியலாளரோடு சேர்ந்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது இந்த ஆராய்ச்சிக்காகத்தான். இதன் பொருளைச் சற்று நின்று சிந்திக்க வேண்டும். மூளைக்குள் ஒளி நுழைவதில்லை, மணமும் நுழைவதில்லை, வெப்பமும் நுழைவதில்லை. மண்டையோட்டின் இருளுக்குள் வந்து சேர்வன யாவும் ஒரே ஜாதியைச் சேர்ந்த மின்துடிப்புகளே. அவற்றைக் கொண்டு பச்சை நிறத்தையும் பலாப்பழ வாசனையையும் மார்கழிக் குளிரையும் தனித்தனியே உருவாக்கிக்கொள்ளும் காரியம் உள்ளே இருக்கும் உயிரணுக்களுடையது.

மிளகுக்கும் ஏலத்துக்கும் வருவோம். நாவிலும் வாயின் உட்சுவரிலும் முடிவடைகிற நரம்பணுக்களில் ஒரு வகை, சூடு ஏறத்தாழ 43 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது கிளர்ச்சியடைந்து, சுடுகிறது என்ற செய்தியை மூளைக்கு அனுப்புவது. அந்த அணுவின் மெல்லிய சவ்வில் பதிந்திருக்கும் ஒரு புரதம், சூடு பட்டதும் வாயில் திறப்பதுபோல் திறந்து மின்னூட்டமுள்ள அணுத்துகள்களை உள்ளே விடுகிறது. மிளகாயின் காரப்பொருளான கேப்சைசினும் இதே புரதத்தைத் திறக்கிறது என்பதை 1997-இல் கலிபோர்னியாவில் டேவிட் ஜூலியஸும் அவருடைய சகாக்களும் கண்டறிந்தார்கள். மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரினும் அதே வாயிலைத் திறக்க வல்லதே. அணுவுக்கோ, தன் வாயிலைத் திறந்தது கொதிக்கும் ரசமா அந்த ரசத்தில் மிதக்கும் மிளகா என்று பிரித்தறியும் வழி கிடையாது. திறந்தது, துடித்தது, மூளை எரிகிறது என்று அறிந்துகொண்டது. பறவைகளிடமும் இந்தப் புரதம் உண்டு. ஆனால் அவற்றினுடையது கேப்சைசினைப் பொருட்படுத்தாத அமைப்புடையது. மிளகாய்ப் பழத்தைக் கிளி நிம்மதியாகக் கொத்தித் தின்பதன் ரகசியம் இதுதான்.

2002-இல் குளிரை அறியும் வாயிற்புரதமும் கண்டுபிடிக்கப்பட்டது. ஜூலியஸும் ஆர்டெம் பட்டபூட்டியனும் தனித்தனியே அதனிடம் வந்து சேர்ந்தார்கள். உஷ்ணத்தையும் ஸ்பரிசத்தையும் உடல் அறியும் விதத்தை விளக்கியதற்காக 2021-இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். ஏறத்தாழ 25 முதல் 28 டிகிரிக்குக் கீழே வெப்பம் இறங்கும்போது திறக்கும் இயல்புடைய இந்த வாயிலை, புதினாவின் மென்தால் சாதாரண வெப்பத்திலேயே திறந்துவிடுகிறது. மென்தாலைவிட மென்மையாக, ஆனால் அதே வழியில் அதைத் திறக்கும் மற்றொரு பொருள் சினியோல். ஏலக்காயின் எண்ணெயில் தலையாய பங்கு வகிக்கும் இரண்டு பொருள்களில் ஒன்று அது. ஆகவே ஏலரிசியை மென்றவரின் வாயில் பனி இல்லையென்றாலும், பனி பட்டால் துடிக்கவேண்டிய அணுக்கள் துடித்துக்கொண்டிருக்கின்றன. ஒரே சரிவில் ஒரே மரத்தடியில் விளைந்த இரண்டு காய்கள், ஒன்று வெப்பத்தின் நரம்பிலும் மற்றொன்று குளிரின் நரம்பிலும் கைவைத்து, நம் வாயில் இரண்டு பருவகாலங்களை உண்டாக்கிவிடுகின்றன.

இவ்வளவும் ஏலத்தின் ஸ்பரிசம் பற்றிய விஷயம். ஏலத்துக்கு விலை தருவது அதன் வாசனை. வாசனை என்று வந்தால் கதை இன்னும் சூக்ஷ்மமாகிறது. தேயிலை ஆலைகளுக்கு விறகு தருவதற்கென்று மூணாறுப் பக்கத்து மலைகளில் வளர்க்கப்படும் யூகலிப்டஸ் மரங்களின் இலையிலிருந்து வடிக்கும் தைலத்தின் முக்கியப் பொருள் எது என்றால், அதுவும் இதே சினியோல்தான். ஜலதோஷத்துக்கு நெற்றியில் தடவும் தைலத்தின் நெடியும் பாயசத்தின் மேல் மிதக்கும் ஏலத்தின் பரிமளமும் தம்மில் பெரும்பங்கை ஒரே பொருளிலிருந்து பெறுகின்றன. ஆயினும் கண்ணைக் கட்டிவிட்டு இரண்டையும் மூக்கருகே நீட்டினால், சிறு குழந்தைகூட மாற்றிச் சொல்லாது. ஏலத்தில் சினியோலோடு டெர்பினைல் அசிடேட் என்ற இனிய மணமுள்ள பொருள் ஏறத்தாழ அதற்குச் சமமாக நிற்கிறது. லினலூல், லிமோனின், சாபினின் முதலான பல பொருள்கள் சிறு சிறு அளவில் உடன் வருகின்றன. இந்தக் கூட்டத்தை மூக்கு தனித்தனியே எண்ணிப் பார்ப்பதில்லை. ஏலம் என்று ஒரே சொல்லில் அறிந்துகொள்கிறது. அந்த ஒருமை எங்கே உண்டாகிறது?

நாசியின் உச்சியில், சில சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள ஈரமான ஒரு தோலில், லட்சக்கணக்கான நரம்பணுக்கள் தங்கள் மெல்லிய இழைகளைக் காற்றின் பக்கம் நீட்டிக்கொண்டு காத்திருக்கின்றன. உடலிலுள்ள நரம்பணுக்களில் வெளிக்காற்றோடு இவ்வளவு நேரடியான சம்பந்தம் வேறெவற்றுக்கும் இல்லை. அந்த இழைகளில் வாசனை மூலக்கூறுகளைப் பற்றிக்கொள்ளும் புரதங்களுக்கு உரிய மரபணுக்கள் ஒரு பெருங்குடும்பமாக இருப்பதை 1991-இல் லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸல் என்ற இருவர் வெளியிட்டு, 2004-இல் நோபல் பரிசு பெற்றார்கள். எலியிடம் இவை ஏறத்தாழ ஆயிரம். மனிதரிடம் வேலை செய்யும் நிலையில் இருப்பவை சுமார் 400. ஒவ்வொரு நரம்பணுவும் இந்த நானூறில் ஏதேனும் ஒன்றை மட்டுமே தாங்கி நிற்கிறது. ஒரே வகைப் புரதத்தைத் தாங்கிய அணுக்கள், நாசித்தோலில் எங்கெங்கோ சிதறிக் கிடந்தபோதிலும், தம் நரம்பிழைகளை மூளையின் முன்புறத்து நுகர்குமிழுக்குள் செலுத்தி, அங்கே குறிப்பிட்ட சில முடிச்சுகளில் பிசகாமல் ஒன்றுகூடுகின்றன. ஒரு மூலக்கூறு பல புரதங்களைத் தொடும். ஒரு புரதம் பல மூலக்கூறுகளுக்கு இசையும். ஆகவே ஏலத்தின் ஆவி நாசியில் ஏறியதும் குமிழின் முடிச்சுகளில் சில பலமாகவும் சில மெதுவாகவும் கிளர்ந்து, சில கிளராமலே இருந்து, ஒரு தனிக் கோலம் அங்கே உருவாகிறது. தைலமரத்தின் கோலம் இதன் சில பகுதிகளோடு பொருந்தும்; முழுவதும் பொருந்தாது.

கோலம் என்றவுடன் அசையாத படம் ஒன்று மனத்தில் தோன்றினால், அது பிழை. முடிச்சுகள் யாவும் ஒரே கணத்தில் கிளர்வதில்லை. மூச்சு உள்ளே இழுக்கப்பட்டதும் சில முந்துகின்றன, சில பிந்துகின்றன, அந்த வரிசையும் செய்தியின் ஒரு பகுதியாகிறது. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் டிமித்ரி ரின்பெர்க், எட்மண்ட் சோங் முதலியோர் 2020-இல் வெளியிட்ட பரிசோதனை இதை வெகு நேர்த்தியாகக் காட்டியது. ஒளி பட்டால் துடிக்கும்படி மரபணு மாற்றப்பட்ட சுண்டெலிகளின் நுகர்குமிழில், வாசனை எதுவுமே இல்லாமல், சில புள்ளிகளை ஒளியால் ஒன்றன்பின் ஒன்றாகத் தூண்டி, அந்த வரிசையை ஒரு வாசனைபோல் அடையாளம் காண அவற்றைப் பழக்கினார்கள். பிறகு புள்ளிகளையும் அவற்றின் காலத்தையும் சிறிது சிறிதாக மாற்றிப் பார்த்தபோது, வரிசையின் தொடக்கத்தில் செய்த மாற்றம் எலியை மிகவும் குழப்பியது. பிற்பகுதியில் செய்த மாற்றத்தை அது அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. ஆரபிக்கும் தேவகாந்தாரிக்கும் ஸ்வரங்கள் ஒன்றே. ஆயினும் வித்வான் எடுத்த எடுப்பிலேயே, முதற்பிடியிலேயே, இன்ன ராகம் என்று ரசிகர் தலையசைத்துவிடுவார். மூளையின் நுகர்குமிழும் அப்படியே, முதற்பிடியைக் கேட்டே ராகத்தைத் தீர்மானிக்கிறது.

இந்தப் பரிசோதனையில் என் மனத்தை மிகவும் கவர்ந்த அம்சம் வேறொன்று. அந்த எலி முகர்ந்ததற்கு உலகில் பொருள் எதுவும் இல்லை. பூ இல்லை, காய் இல்லை, ஒரு துளி எண்ணெயும் இல்லை. அணுக்களின் துடிப்பு இருந்தது. துடிப்புக்கு ஒரு வரிசை இருந்தது. எலிக்கு அதுவே வாசனையாகிவிட்டது. முல்லர் விரலால் இமையை அழுத்திக் காட்டிய உண்மை, இரு நூற்றாண்டுகளுக்குள் இந்த அளவு நுட்பத்தை எட்டியிருக்கிறது.

போடியில் ஏலக்காய்க் கிட்டங்கிகள் உள்ள தெருவுக்குப் புதிதாக வருபவரை வாசனை வாசலிலேயே எதிர்கொண்டு அழைக்கிறது. உள்ளே வரிசையாக அமர்ந்து, பச்சை வெளுத்ததையும் வெடித்ததையும் வண்டு குத்தியதையும் நீக்கிக் காய் பொறுக்கிக்கொண்டிருக்கும் பெண்களுக்கோ, வேலை தொடங்கிய சற்று நேரத்துக்குள் அந்த வாசனை இல்லாததுபோல் ஆகிவிடுகிறது. இதை வெறும் பழக்கம் என்று சொல்லிக் கடந்துபோவது விஷயத்தைப் பாதியில் விடுவதாகும். நாசியின் நரம்பணு கிளரும்போது அதனுள் கால்சியம் புகுகிறது. புகுந்த கால்சியமே, அணுவைக் கிளரச் செய்த வாயில்களின் கூருணர்வைத் தணித்துவிடுகிறது. அதாவது, கிளர்ச்சியே தன்னை அடக்கும் கருவியையும் உடன் கொண்டுவருகிறது. அதற்கு மேல் மூளையின் நுகர்புறணியிலும் இதே வாசனைக்கு மறுமொழி தரும் அணுக்கள் விரைவில் ஓய்ந்துவிடுகின்றன. மாறாத செய்தியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்க மூளைக்கு அவசியமில்லை. அதே கிட்டங்கியில் எங்கேனும் ஒரு மூட்டை பூஞ்சை பிடித்து முடைநாற்றம் எழுந்தால், ஏலவாசனையை மறந்துவிட்ட அதே மூக்கு அதை உடனே கண்டுகொள்கிறது. அவர்களுடைய நுகர்ச்சி மழுங்கவில்லை. தெரிந்ததை ஒதுக்கிவைத்துவிட்டுப் புதியதற்கு இடம் வைத்துக் காத்திருக்கிறது.

பல வாசனைகளின் நெரிசலில் ஒன்றைத் தேடிப் பிடிப்பது எளிய காரியமன்று. சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் பயின்று, பின்னர் ஹார்வர்டில் நரம்பியல் பேராசிரியரான வெங்கடேஷ் மூர்த்தியும் அவருடைய மாணவர்களும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியது. 14 வரையிலான வாசனைப் பொருள்களின் கலவையில், குறிப்பிட்ட ஒன்று இருக்கிறதா இல்லையா என்று சொல்லச் சுண்டெலிகளைப் பழக்கினார்கள். அவை வியக்கத்தக்க அளவுக்குச் சரியாகச் சொல்லின. பொருள்களின் எண்ணிக்கை கூடக் கூடக் காரியம் கடினமாயிற்று. அதைவிட முக்கியமாக, தேடப்படும் பொருள் நுகர்குமிழில் எழுப்பும் கோலத்தோடு மற்றவற்றின் கோலம் எவ்வளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று படிந்ததோ அவ்வளவுக்குத் தவறு மிகுந்தது. பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் ராகவ் ராஜன், ஜேம்ஸ் கிளெமெண்ட், உபிந்தர் பல்லா ஆகியோர் 2006-இல் கண்டதும் இங்கே சொல்லத்தக்கது: எலி, இரண்டு நாசித் துளைகளுக்கும் வாசனை வந்து சேர்வதிலுள்ள நுண்ணிய வேற்றுமையைக் கொண்டு, அது இடப்புறமிருந்து வருகிறதா வலப்புறமிருந்து வருகிறதா என்பதை ஓரிரு மூச்சுகளிலேயே அறிந்துவிடுகிறது. அதன் நுகர்குமிழிலுள்ள அணுக்களே இடத்தையும் வலத்தையும் வேறுபடுத்தித் துடிக்கின்றன.

மனிதரையும் எலியையும் விட்டு, ஏலத்தோட்டத்தின் உண்மையான உழைப்பாளியிடம் இனி வரலாம். ஏலச்செடியின் அடியிலிருந்து தரையையொட்டிப் படரும் சரத்தில், விடியும் வேளையில் விரியும் பூவுக்கு ஆயுள் ஒரு பகற்பொழுதே. வெண்மையான அதன் இதழில் இளஞ்சிவப்பும் ஊதாவுமான கோடுகள் உள்நோக்கி ஓடுகின்றன. அந்தப் பகற்பொழுதுக்குள் தேனீ வந்து மகரந்தத்தைச் சேர்க்காவிட்டால் காய் பிடிக்காது. அடுக்குத் தேனீயும் மலைத்தேனீயும் கொசுத்தேனீயும் வந்து செய்யும் இந்தச் சேவையின்மேல்தான் போடியின் ஏல வர்த்தகம் முழுவதும் நிற்கிறது. தேனீயின் மூளையில் இருப்பவை ஏறத்தாழ பத்து லட்சம் நரம்பணுக்கள் மட்டுமே. கடுகளவேயான அந்த மூளை, இன்ன மணமுள்ள பூவில் தேன் உண்டு, இன்னதில் இல்லை என்று ஓரிரு முறையிலேயே கற்றுக்கொள்கிறது. அதன் உணர்கொம்புகளே அதன் மூக்கு. அவற்றின் நரம்புகள் மூளையில் சென்று சேருமிடத்தில், நம் நுகர்குமிழில் உள்ளவை போன்ற முடிச்சுகள், எண்ணிக்கையில் சுமார் 160, அமைந்திருக்கின்றன. வெகு தூரத்து உறவினரான இரு ஜீவராசிகள் ஒரே உபாயத்தை மேற்கொண்டிருப்பது இயற்கையின் பெரிய விந்தைகளில் ஒன்று.

அந்த முடிச்சுகளிலிருந்து புறப்படும் அணுக்கள், வாசனை வந்ததும் விநாடிக்குச் சுமார் 30 தடவை, ஒன்றோடொன்று தாளம் சேர்ந்து துடிக்கின்றன. இந்தத் தாளத்தால் பிரயோஜனம் உண்டா, அல்லது அது வெறும் உடன்நிகழ்வுதானா என்ற சந்தேகத்தை 1997-இல் மார்க் ஸ்டாப்ஃபர், சீதா பகவான், பிரயன் ஸ்மித், ஜில் லோரான் என்ற நால்வர் ஒரு பரிசோதனையால் தீர்த்தார்கள். பிக்ரோடாக்சின் என்ற நஞ்சைத் தேனீயின் மூளையில் சிறிதளவு இட்டால், அணுக்கள் தொடர்ந்து துடிக்கும். ஆனால் தாளம் கலைந்துவிடும். (மீன் மயங்கிப் பிடிபடுவதற்காக நீரில் கரைக்கும் காக்காய்க்கொல்லி விதையிலிருந்து எடுப்பதே இந்த நஞ்சு என்பது நம்மவருக்குச் சுவாரசியமாக இருக்கும்.) ஒரு வாசனையைச் சர்க்கரைப்பாகோடு சேர்த்துக் கற்பித்த தேனீ, பின்னர் அந்த வாசனை வந்தவுடனேயே தன் உறிஞ்சுகுழலை நீட்டும். தாளம் கலைந்த தேனீக்களும் கற்றன, நீட்டின. முற்றிலும் வேறான ஒரு வாசனையை அவை வேறென்றே அறிந்தன. ஆனால் ஒன்றுக்கொன்று நெருங்கிய இரண்டு ஆல்கஹால்களின் வாசனையைப் பிரித்தறியும் ஆற்றலை மட்டும் இழந்துவிட்டன. பருமட்டான வேற்றுமையை அறிய, எந்த அணு துடித்தது என்ற செய்தியே போதும். நுட்பமான வேற்றுமைக்கு, அவை ஒன்றுகூடி எப்போது துடித்தன என்பதும் தேவைப்படுகிறது. சுவையறிந்தவருக்கும் அறியாதவருக்கும் இடையிலுள்ள தூரத்தை ஒரு நஞ்சின் துளியால் அளந்து காட்டிய பரிசோதனையாகவே நான் இதை மதிக்கிறேன்.

அதற்கும் நான்கு ஆண்டுகளுக்கு முன், 1993-இல், பெர்லினில் மார்ட்டின் ஹாமர் செய்தது இன்னும் துணிகரமானது. தேனீயின் மூளையில், சர்க்கரை வாயில் பட்டதும் துடித்து, வாசனையின் மையங்களுக்கெல்லாம் கிளை பரப்பி நிற்கும் ஒரே ஒரு நரம்பணுவை அவர் தேர்ந்தெடுத்தார். ஒரு வாசனையைக் காட்டினார். சர்க்கரையைக் கொடாமல், அந்த ஓர் அணுவினுள் நுண்ணிய மின்முனையால் மின்சாரத்தைச் செலுத்தி அதைத் துடிக்கவைத்தார். அடுத்த முறை அந்த வாசனை வந்தபோது, தேன் கிடைத்ததாகவே எண்ணி அந்தத் தேனீ உறிஞ்சுகுழலை நீட்டியது. பத்து லட்சத்தில் ஒரே ஓர் அணுவின் துடிப்பு, இனிமையின் ஸ்தானத்தை வகித்துவிட்டது.

இத்துறையில் நம் நாடு பிறர் கண்டதைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கவில்லை என்பதைப் பெருமையோடு சொல்லலாம். ஹோமி பாபாவின் அழைப்பை ஏற்று 1962-இல் பம்பாயின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் மூலக்கூறு உயிரியல் பிரிவைத் தொடங்கிய ஒபைத் சித்திக்கி, 1970-களில் பழ ஈயைக் கையிலெடுத்து, வாசனையையும் சுவையையும் அறியும் ஆற்றல் மரபணுவில் பிறழ்ந்த ஈக்களைத் தேடத் தொடங்கினார். கென்யாவில் பிறந்து அவரிடம் மாணவியாக வந்து சேர்ந்த வெரோனிகா ராட்ரிக்ஸ், அந்தப் பணியைத் தன் வாழ்நாட் பணியாக்கிக்கொண்டார். வாசனைப் புரதங்களின் மரபணுக்கள் கண்டுபிடிக்கப்படுவதற்கு ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே, மரபணுவின் வழியாக மணத்தை அணுகலாம் என்று அவர்கள் கண்டது தீர்க்கதரிசனமாகும். பெங்களூரில் எலியின் இரு நாசிகளைப் பற்றிய ஆய்வு நடந்த மையத்தை நிறுவி, அதன் முதல் இயக்குநராக இருந்தவரும் சித்திக்கியே.

போடியிலும் கேரளத்துப் புத்தடியிலும் நறுமணப் பொருள் வாரியம் நடத்தும் ஏலக்காய் ஏலத்தில் அமரும் வியாபாரி, தம் முன் வைக்கப்படும் மாதிரியைக் கண்ணால் பார்த்து, விரலால் உருட்டி, ஒரு காயைப் பிளந்து முகர்ந்து, எட்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட காயா, உலர்த்தும்போது சூடு மிகுந்ததா, பச்சை நிலைக்குமா என்றெல்லாம் நொடிப்பொழுதில் தீர்மானித்துத் திரையில் விலை கேட்கிறார். அவருடைய நாசியில் நம்மைவிட அதிகமான புரதங்கள் இல்லை. பழக்கம் அவருக்குத் தந்திருப்பது வேறு. பிரான்சில் வாசனைத் திரவியம் கலக்கும் தொழில் வல்லுநர்களின் மூளையைப் படம்பிடித்து 2012-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், வாசனை எதையும் முகராமல் மனத்தால் நினைத்த மாத்திரத்தில் அவர்களுடைய நுகர்புறணி கிளர்ந்தது தெரிந்தது. அனுபவம் முதிர்ந்தவர்களிடம் அந்தக் கிளர்ச்சி குறைந்தே காணப்பட்டது. குறைந்த பிரயாசையில் அதே காரியத்தை முடிக்க அவர்களுடைய அணுக்கள் கற்றுக்கொண்டன என்று ஆய்வாளர்கள் கொண்டார்கள். வழிவழியாக ஏலம் வாங்கி விற்கும் குடும்பங்களில், சிறுவயதிலிருந்தே தந்தையின் கிட்டங்கியில் உட்கார்ந்து காயை முகர்ந்து பழகியவர்களின் ஞானத்தைப் பிறவிக்குணம் என்று சொல்வது அவர்களுடைய உழைப்பைக் குறைத்துச் சொல்வதாகும் என்பது என் துணிபு.

கற்ற மணம் அழியவும் கூடும். 2020-இல் கொரோனா தொற்று பரவியபோது, காபியைக் கையில் வைத்துக்கொண்டு அதன் மணம் எங்கே போயிற்று என்று திகைத்தவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். அந்தக் கிருமி முதலில் தாக்கியது நாசியின் நரம்பணுக்களையன்று. அவற்றைச் சூழ்ந்து தாங்கி நிற்கும் துணை அணுக்களையே என்று பின்னர் தெரிந்தது. துணை குலைந்ததும் நரம்பணுக்களும் செயல் குன்றின. ஆனால் நாசியின் நரம்பணுக்களுக்கு மூளையின் நரம்பணுக்களுக்குப் பெரும்பாலும் இல்லாத ஒரு பாக்கியம் உண்டு: அவை வாழ்நாள் முழுவதும் மடிந்து, அடியிலிருக்கும் மூல அணுக்களிலிருந்து புதிதாகப் பிறந்துகொண்டே இருக்கின்றன. புதிதாகப் பிறந்த அணு தன் இழையை நீட்டி, குமிழில் தனக்குரிய முடிச்சைத் தேடிச் சேரவேண்டும். அந்தச் சேர்க்கை நிறைவுபெறாத நாட்களில், காபி கருகிய நாற்றமாகவும் வெங்காயம் அழுகிய நாற்றமாகவும் சிலருக்குத் தோன்றிற்று. பொருள்கள் மாறவில்லை, கோலம் மாறியிருந்தது.

இவ்விதம் மணத்தை இழந்தவர்களுக்கென்று, ஜெர்மனியின் டிரெஸ்டனில் தாமஸ் ஹம்மலும் சகாக்களும் 2009-இலேயே ஒரு பயிற்சியைச் சோதித்து வெளியிட்டிருந்தார்கள். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய நான்கு மணங்களைக் காலையும் மாலையும், ஒவ்வொன்றாக, 12 வாரம் முகரவேண்டும். மருந்து எதுவும் இல்லை. பயிற்சி செய்தவர்களின் நுகர்ச்சி, செய்யாதவர்களுடையதைவிடத் தெளிவாக மேம்பட்டது. யூகலிப்டஸுக்காக அவர்கள் சீசாவில் அடைத்துக் கொடுத்த பொருள் சினியோல். நான்கு மணங்களையும் ஏதோ ஒரு நெடி என்று மட்டுமே முதலில் அறிகிற நோயாளி, வாரங்கள் செல்லச் செல்ல, இது காரமானது, இது குளிர்ந்தது, இது பூவைச் சேர்ந்தது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்லத் தொடங்கக்கூடும்.